ஜிம்முக்குப் பணம் கட்டும் முன்: வடசென்னைக் கல்லூரி மாணவர்களுக்கு

கல்லூரி திறந்ததும் நாலு பேர் கூட்டாகப் போய், பக்கத்துத் தெரு ஜிம்மில் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டுவார்கள். முதல் இன்டர்னல் தேர்வு முடியும்போது அந்த நாலு பேரில் ஒருத்தர் மிஞ்சினால் பெரிய விஷயம். மற்ற மூவரையும் சோம்பேறிகள் என்று வீட்டில் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் நாளுக்குப் பொருந்தாத இடத்தில், பொருந்தாத நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எந்த வகுப்பு நல்லது என்று என்னைக் கேட்டால் ஏ.சி., கண்ணாடி, மெஷின் எதையும் முதலில் பார்க்க மாட்டேன். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் "ஏன்பா, நேத்து ஆளையே காணோம்?" என்று கேட்க அங்கே ஒருவர் இருக்கிறாரா என்று பார்ப்பேன். அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி, பிடித்த பிறகு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவது எப்படி என்பதுதான் கீழே இருப்பது. ஏற்கெனவே மாவட்ட அளவில் ஆடுகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

முதலில் டைம் டேபிள்

ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போடுங்கள். கல்லூரி நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. கிளம்பும் நேரம், பார்ட் டைம் வேலை, தங்கச்சியை டியூஷனில் விடுவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அதில் வர வேண்டும். காலை ஆறரைக்குத் தண்ணீர் லாரி வருகிற தெருவில் இருந்துகொண்டு ஆறு மணி யோகா வகுப்பில் சேருவது ஆகிற காரியமா? ஷிப்ட் முறையில் நடக்கிற கல்லூரி என்றால் கொஞ்சம் வசதி. காலை ஷிப்ட்காரர்களுக்கு மாலை கிடைக்கும், மதிய ஷிப்ட்காரர்களுக்குக் காலை.

இப்போது காலியாக இருக்கும் கட்டங்களைப் பாருங்கள். அதில் கல்லூரிக்கும் வீட்டுக்கும் நடுவில் விழுகிற கட்டம்தான் உங்களுக்கானது. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி, டீ குடித்து, ஃபோனைக் கையில் எடுத்துவிட்டவர் மறுபடி கிளம்பி வெளியே வருவது அபூர்வம். திருவொற்றியூரில் வீடு, பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரி என்றால், நீங்கள் ஏறும் இடத்துக்கோ இறங்கும் இடத்துக்கோ பக்கத்திலேயே தேடுங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, தேரடி எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிட்டன. அந்தக் கோட்டிலிருந்து பத்து நிமிட நடைக்கு மேல் விலகிப்போகும் இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

வாரத்துக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவு இருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடுத்தரமான பயிற்சி, இல்லையென்றால் 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலு ஏற்றும் பயிற்சி. நடுத்தரமா கடுமையா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது என்றால் கடுமை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்த பழைய நிபந்தனையையும் அப்போது எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கி வேகமாக நடப்பதும் கணக்கில் சேரும். வகுப்புக்கென்று வாரத்தில் மூன்று கட்டம் கிடைத்தால் தாராளம்.

பணம் கொடுக்காமல் கிடைப்பது

கல்லூரிக் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் விளையாட்டுக்கென்று ஒரு தொகை அதில் இருக்கும். அதைக் கட்டிவிட்டு மூன்று வருடமும் கேம்ஸ் ரூம் பக்கமே போகாதவர்கள்தான் அதிகம். அந்த அறை, கையில் விசில் கட்டிய சீனியர்களுக்கும் டீம் பிளேயர்களுக்கும் மட்டுமே என்று முதலாண்டு மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விளையாட்டுக்குப் பொறுப்பான பிசிக்கல் டைரக்டரைப் போய்ப் பார்க்கக் கூச்சமாக இருந்தால், பேச்சு இவ்வளவுதான்:

"வணக்கம் சார். ஃபர்ஸ்ட் இயர் பி.காம். ஸ்கூல்ல எதுவும் ஆடினது இல்ல சார். டீமுக்கு இல்ல, பிராக்டீஸுக்கு மட்டும் வரலாமா?"

"ஷூ இருக்கா?"

"இருக்கு சார்."

"நாளைக்கு நாலு மணிக்கு கிரவுண்டுக்கு வா. பசங்களோட வார்ம் அப் ஓடு. அப்புறம் பார்க்கலாம்."

இந்த "அப்புறம் பார்க்கலாம்" என்பதற்குச் சரி என்றுதான் அர்த்தம். மறுநாள் மூன்றே முக்காலுக்கே போய் நில்லுங்கள்.

என்ன விளையாட்டு கேட்பது? கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் எல்லாரும் கேட்பார்கள், இடம் கிடைக்காது. கோ-கோ, ஹேண்ட்பால், பால் பேட்மின்டன், கபடி மாதிரி ஆள் எண்ணிக்கை தேவைப்படுகிற ஆட்டங்களில் பயிற்சிக்கு எப்போதும் ஒருவர் குறைவார். பெண்கள் டீம் என்றால் கேட்கவே வேண்டாம், இன்னும் ஓர் ஆளைத் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். மெதுவாக ஓடுகிறவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. டீமில் பெயர் வந்துவிட்டால் பல்கலைக்கழக அளவிலான கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகள், அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பையின் கல்லூரிப் பிரிவு என்று வாசல்கள் உண்டு. போட்டிக்குப் போகும் நாளுக்கு ஓ.டி., அதாவது வகுப்புக்கு வந்ததாகவே வருகைப்பதிவு, கொடுப்பார்கள். ஆனால் தினப் பயிற்சிக்கு ஓ.டி. கிடையாது. 75 சதவீத வருகைப்பதிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரவுண்டில் நின்றுகொண்டு கடைசி பீரியடைத் தொடர்ந்து கட் அடித்தால் செமஸ்டர் கடைசியில் ஹால் டிக்கெட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

என்.சி.சி.யும் ஒரு உடற்பயிற்சி வகுப்புதான், சீருடையோடு. வராவிட்டால் கேட்கிற ஆள் அங்கே நிச்சயமாக உண்டு. கொஞ்சம் சத்தமாகவே கேட்பார். நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் கேட்கும், ஏழு நாள் முகாமும் உண்டு. மண்வெட்டி பிடிக்கிற நாளில் உடம்புக்கு வேலை, மற்ற நாளில் பேரணி, விழிப்புணர்வு. அதை மட்டும் நம்பி உடற்பயிற்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நம்ம ஏரியாவில் என்ன இருக்கிறது

கால்பந்து என்றால் வியாசர்பாடி. "குட்டி பிரேசில்" என்று பத்திரிகைகள் எழுதுகிற ஊர். சாயங்காலம் அங்கே மைதானத்தில் பந்து உருளாத நாளே கிடையாது. புதியவர் போய் நேராக ஆட்டத்தில் இறங்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு வயதிலிருந்து பந்தோடு வளர்ந்த பையன்கள் அவர்கள். ஞாயிறு காலை சின்னப் பசங்களின் பயிற்சியாளர் ஒருவரைப் பார்த்து, "அண்ணா, ஓரமா ஓடி, பந்து எடுத்துப் போடுறேன்" என்று ஆரம்பிப்பதுதான் வழி.

குத்துச்சண்டையில் "பரம்பரை" என்று அணிப் பெயர் சொல்லி மோதிக்கொண்ட பகுதி இது. ராயபுரம், காசிமேடு, புளியந்தோப்பு பக்கம் விசாரித்தால் இன்றும் யாராவது ஒரு மாஸ்டரைக் கை காட்டுவார்கள். உடம்பு முழுவதற்கும் ஒரே வகுப்பில் வேலை வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பாக்ஸிங்தான். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். முதல் சில வாரம் கிளவுஸ் கைக்கு வராது. நிற்கிற நிலை, கால் நகர்த்துவது, ஸ்கிப்பிங் கயிறு, காற்றில் ஜாப் என்கிற நேர்க்குத்து, இதையேதான் செய்யச் சொல்வார்கள். மூன்று நிமிடம் ஒரு ரவுண்டு, ஒரு நிமிடம் ஓய்வு. மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரியும். கை சுற்றும் பட்டையும் பல்லுக்கான மவுத் கார்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவருடையதைப் போடாதீர்கள். உடற்பயிற்சிக்காக மட்டும் வந்தவர் தலையில் அடி வாங்குகிற ஸ்பாரிங்கில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. "மாஸ்டர், எனக்கு ஸ்பாரிங் வேண்டாம், பேக் அடிச்சுக்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடலாம். நல்ல மாஸ்டர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேரம் பற்றியும் கேட்பீர்கள். வியாசர்பாடி இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் தங்கம் வென்று வந்த காசிமாவும் நம்ம பக்கத்துப் பெண்கள்தான். தெருமுனை கேரம் கிளப்பில் உட்கார்ந்து கை பழக்குங்கள், நல்லது. ஆனால் அந்த 150 நிமிடத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

பூங்காக்கள் பலவற்றில் மாநகராட்சி வைத்த திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன. ராயபுரத்தில் 1949இல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா, நடைக்கு நல்ல இடம். பெரம்பூர்க்காரர்களுக்கு முரசொலி மாறன் பூங்கா. அந்த மஞ்சள், நீலக் கருவிகள் மூட்டுகளை அசைத்துக் கொடுக்கும், பெரிதாக வலு ஏற்றாது. அவற்றின் கைப்பிடிக் கம்பியில் தொங்குவதும், பக்கத்துப் பெஞ்சில் கை வைத்துத் தண்டால் எடுப்பதும் அதைவிடப் பிரயோஜனம்.

நீச்சல் கற்க மெரினாவிலும் மை லேடீஸ் பூங்காவிலும் மாநகராட்சிக் குளங்கள் உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள கடலில் மட்டும் இறங்கிப் பழகாதீர்கள். அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கு நடுவே அலை எப்படி இழுக்கும் என்பது மீனவர்களுக்கே தினமும் வேறு வேறு கணக்கு.

ஜிம்மை எப்படிப் பார்ப்பது

கேம்ஸ் ரூமும் மைதானமும் ஒத்துவராதவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. சேரப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்குக் காலியாகக் கிடக்கும் கூடம் மாலை ஆறரைக்கு மாநகரப் பேருந்து மாதிரி இருக்கும்.

வடசென்னையின் பழைய ஜிம் ஒன்றின் உள்ளே போனால் என்ன தெரியும்? மேலே தகர ஷீட். சுவரில் ஆஞ்சநேயர் படம், பக்கத்தில் ஒரு பாடி பில்டர் போஸ்டர். துருப்பிடித்த தட்டுகளில் எண் அழிந்துபோய் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். ஸ்பீக்கரில் கானா. மூலை பெஞ்சில் மாஸ்டர் டீ கிளாஸோடு. இதில் எதுவும் குறை இல்லை. இரும்புக்கு வயது கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது மாஸ்டரை. புதுப் பையன் ஒருவன் தரையிலிருந்து பாரைத் தூக்கும்போது முதுகு வில்லாக வளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் டீயை வைத்துவிட்டு எழுந்து போய், "டேய், வெயிட்ட கீழ வை. வெறும் பார் எடு" என்கிறாரா? அப்படியானால் அங்கே சேரலாம். ஃபோனிலிருந்து தலை நிமிரவில்லை என்றால் ஏ.சி. இருந்தாலும் வேண்டாம்.

காற்றோட்டம், மின்விசிறி, குடிதண்ணீர், கழிப்பறை நான்கையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பணப் பேச்சு. அட்மிஷன் கட்டணம் தனியா, மாதக் கட்டணம் எவ்வளவு, நடுவில் உடம்பு சரியில்லை என்றால் நாட்களைச் சேர்த்துக் கொடுப்பார்களா? வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்பார்கள். முதல் மாதம் மாதக் கட்டணமே கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். ஒரு நாள் இலவசமாகச் செய்து பார்க்கக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்: "மாஸ்டர், நாளைக்கு ஒரு நாள் வந்து செஞ்சு பார்த்துட்டு முடிவு பண்றேனே." மறுப்பவர்கள் குறைவு.

பாட்டுக்கு ஆடுகிற சும்பா வகுப்பு மூச்சுப் பயிற்சிக்கு ஜோர், தசை வலுவுக்கு ஆகாது. சும்பாவில் சேர்ந்தவர்கள் வீட்டில் இரண்டு நாள் பஸ்கி, தண்டால் எடுக்க வேண்டும். நிதானமான யோகா இதற்கு நேர்மாறு: உடம்பு வளையும், நிலை நிற்கும், மூச்சு வாங்காது. யோகாவில் சேர்ந்தவர்களுக்கு வேக நடை தேவை. சிலம்ப வகுப்பு கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். தோள், மணிக்கட்டு, கால், கவனம் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கிற கம்பு அது.

பெண்களுக்கு ஒரு தனிச் சிக்கல். தெரு ஜிம்களில் "லேடீஸ் டைமிங்" என்று ஒதுக்குவது பெரும்பாலும் காலை பத்துக்கு மேல் அல்லது மதியம். குடும்பத் தலைவிகளுக்குத் தோதான நேரம், கல்லூரிப் பெண்ணுக்கு உதவாது. தனியாகப் போய்க் கேட்டால் "அப்போ ஜென்ட்ஸ் டைம் மா" என்று முடித்துவிடுவார்கள். ஐந்து பேராகச் சேர்ந்து போய், "அண்ணா, நாலரையிலிருந்து அஞ்சரை வரைக்கும் எங்களுக்கு ஒரு பேட்ச் போடுங்க, அஞ்சு பேரும் மாசா மாசம் ஒழுங்கா கட்டிடுவோம்" என்று சொன்னால் கணக்கு மாறும். வீட்டில் சம்மதம் வாங்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி, அம்மாவையோ அத்தையையோ முதல் வாரம் கூடவே கூட்டிப்போவது. பாதி வீடுகளில் அத்தையும் சேர்ந்துவிடுவார். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போகவரச் செலவு என்று யாரும் தடுக்க முடியாது. மாதவிடாய் நாட்களில் பயிற்சி செய்யக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. வலி இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் செய்யுங்கள்.

மருத்துவரிடம் காட்டிவிட்டு

ஓடும்போது நெஞ்சு வலி, தலைசுற்றி விழுந்தது, ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்பு. ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

பெண்கள் எல்லோருக்கும் இன்னொன்று. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்றால் "ஸ்டாமினா இல்லை" என்று நீங்களே தீர்ப்பெழுதாதீர்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 12க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள், பயிற்சியை மெதுவாக ஏற்றுங்கள்.

முதல் நான்கு வாரம்

வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஐந்து நிமிடம் நடை, கை சுழற்றுவது, இடுப்பு திருப்புவது. பிறகு பஸ்கி பத்து. சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து. புத்தகப் பையில் மூன்று தடித்த புத்தகங்களைப் போட்டு, இடுப்பை மடித்துக் குனிந்து, முதுகு நேராக, பையை வயிற்றுப் பக்கம் இழுப்பது பத்து. முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி இருபது வினாடி. இது ஒரு சுற்று. முதல் வாரம் இரண்டு சுற்று போதும். கடைசியில் பதினைந்து நிமிடம் வேக நடை. ஜிம்மில் சேர்ந்திருந்தாலும் மாஸ்டரிடம் இந்த அளவில்தான் ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பயிற்சியிலும் இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். ஒரு வாரம் சுற்று மூன்றாகட்டும், அடுத்த வாரம் சுவரிலிருந்து பெஞ்சுக்குத் தண்டால் இறங்கட்டும். கூட வருகிற நண்பன் எவ்வளவு எடுக்கிறான் என்பது உங்கள் கணக்கில் சேராது.

வீட்டில் தண்ணீர் தூக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிரம்பிய பிளாஸ்டிக் குடம் பத்துக் கிலோவுக்கு மேல் வரும். கைப்பம்பிலிருந்து இரண்டாவது மாடிக்கு நாலு நடை தூக்குகிற பெண், ஜிம்மில் டம்பெல் தூக்குகிறவரைவிட அன்றைக்கு அதிகம் உழைத்திருக்கிறார். அதை வலுப் பயிற்சியாகவே எழுதிக்கொள்ளலாம். குனிந்து தூக்காமல் முட்டி மடக்கி உட்கார்ந்து எழுந்திருங்கள், ஒரே இடுப்பில் வைக்காமல் இடம் மாற்றுங்கள். அந்த நாளில் கால் பயிற்சி வேண்டாம்.

மறுநாள் தொடை கடுக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் அது உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல் தவிப்பது முதல் வாரத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான். மெதுவாக நடங்கள், மாத்திரை வேண்டாம். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அது வேறு, நிறுத்துங்கள். முதல் நாளே நூறு நூற்றைம்பது பஸ்கி எடுக்க வைத்து, மறுநாள் தசை வீங்கி, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை அது. ராகிங் என்ற பேரில் சீனியர்கள் பஸ்கி போட வைப்பதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷூ ஒன்றுதான் கட்டாயச் செலவு. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், முன்னால் கட்டைவிரல் அகல இடம் விட்டு வாங்குங்கள். டிராக் பேன்ட், டி-ஷர்ட்டுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் இருக்கும்போது பிராண்டு கடை எதற்கு?

காற்று, வெயில், மழை

காலைக் காற்று சுத்தமானது என்று தாத்தா சொன்னது மணலித் தொழிற்சாலைகளுக்கும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் முந்திய கதை. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைக் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும், புகை மேலே கலைந்து போகாது. மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்த பிறகுதான் கலையும். அந்த மாதங்களில் எண்ணூர் பக்கத்துக்காரர்கள் காலை ஐந்தரைக்கு நெடுஞ்சாலையில் ஓடுவதைவிட மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் காற்றுத் தர எண் தெரியும். 100 வரை கவலையில்லை. 200ஐத் தாண்டினால் ஓட்டத்தை விட்டு அறைக்குள் பஸ்கி, தண்டால். ஆஸ்துமாக்காரர்கள் 100ஐத் தாண்டியதுமே உஷாராகட்டும், இன்ஹேலர் பையில் இருக்கட்டும். தீபாவளி மறுநாளும் போகி அன்றும் செயலியைப் பார்க்கவே வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்.

எந்தப் பருவமானாலும் லாரி போகிற சாலையோரம் ஓடாதீர்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் தூசி ஒரு பக்கம், காதில் ஹெட்செட்டோடு ஓடுகிறவரைப் பார்க்காத டிரெய்லர் ஒரு பக்கம்.

மே மாதத்தில் காலை ஏழுக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின். நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். வியர்வை காயாமல் உடம்பு சூடு இறங்காது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும், அதுவரை பாதி அளவே செய்யுங்கள். உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ் போதும். பேச்சு குழறி, தடுமாறி, உடம்பு கொதித்தால் நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி மழை வந்தால் மைதானம் குட்டையாகிவிடும், கணேசபுரம் சுரங்கப்பாதை மூடிவிடும், வியாசர்பாடியிலிருந்து வகுப்புக்குப் போகிறவர்கள் சுற்றி வர வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்கு வீட்டுக்குள் செய்யும் அந்தச் சுற்றே போதும். தேங்கிய நீரில் வெறுங்காலோடு பந்தாடுவது ஆசையாகத்தான் இருக்கும். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும், குறிப்பாகக் காலில் புண் இருந்தால்.

சாப்பாடு, பவுடர், ஊசி

55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் அடிப்படைத் தேவை. வலுப் பயிற்சி செய்தால் அதற்கு மேல் கொஞ்சம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு. நூறு கிராம் மீனில் இருபது அளவில். காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு மத்தியும் நெத்திலியும் கிடைக்கிற விலையில் டப்பா பவுடர் வாங்குவது எனக்குப் புரியாத கணக்கு. சைவம் என்றால் சுண்டல், பருப்பு, தயிர். வகுப்பு முடிந்து பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிடுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கூட ஒரு முட்டை போடச் சொல்லுங்கள், தீர்ந்தது.

ஜிம்மிலேயே யாராவது பெயரில்லாத டப்பாவில் பவுடர் விற்றால் வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிம எண்ணும் சீலும் இல்லாத எதுவும் வேண்டாம். "ரெண்டு மாசத்துல பாடி ஏறிடும் தம்பி, ஒரு ஊசிதான்" என்று பேச்சு வந்தால் அது ஸ்டீராய்டு. இதயம், கல்லீரல், விரை எல்லாவற்றையும் அது கெடுக்கும். அப்படிப் பேசுகிறவர் மாஸ்டரே என்றால் மீதி நாட்களின் பணம் போனாலும் போகட்டும், வெளியே வந்துவிடுங்கள்.

தேர்வு வந்தால்

செமஸ்டர் தேர்வு மாதத்தில் மூன்று நாள் வகுப்பு முடியாது, முயற்சியும் வேண்டாம். வாரம் ஒரு முறை முழுச் சுற்று செய்தாலே ஏறிய வலு பல வாரத்துக்கு இறங்காது. படிப்புக்கு நடுவே பதினைந்து நிமிட நடை தூக்கத்துக்கும் நல்லது. தேர்வு அட்டவணை வந்த அன்றே அதை ஃபோனில் மாஸ்டருக்கு அனுப்பி, "மாஸ்டர், அடுத்த மாசம் எக்ஸாம். இந்த மாசக் காசுல மிச்ச நாளை முடிஞ்சதும் வந்து கழிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சின்ன ஜிம்களில் இது வாய்ப்பேச்சிலேயே முடியும். சொல்லாமல் நின்றுவிட்டு நாற்பது நாள் கழித்துப் போய்க் கேட்டால்தான் தகராறு. கேம்ஸ் ரூமில் தேர்வு முடிந்த மறுநாளே பயிற்சி தொடங்கிவிடும், அன்றைக்கு முதல் வார அளவிலிருந்து ஆரம்பியுங்கள்.